மார்லாவுக்கு ஒரு சிலிண்டர்

மார்ச் 8, வெள்ளி

சர்ச்சில் மீன் வறுவல். தவக்காலம் முடியும்வரை வெள்ளிக்கிழமைதோறும் இதே மீன், இதே கோஸ், இதே வரிசை. வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மார்லாவின் தோளைப் பற்றித்தான் கேட்டார்கள். ஜனவரியில் இதே சர்ச் படியில்தான் பனியில் வழுக்கி விழுந்தாள். வலது தோளில் ஒரு தகடு, ஏழு திருகு. "தேவலாம், தேவலாம்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். தட்டு மட்டும் இடது கையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், "துப்பாக்கிய எடுத்துட்டு வா" என்றாள். சமையலறையில் நின்று, சாயக்குண்டு சுடுகிற பெயின்ட்பால் துப்பாக்கியை அதன் காற்று சிலிண்டரோடு தோளில் முட்டுக்கொடுத்து ஏந்திப் பிடித்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பத்தெட்டு வினாடி. முப்பதிலேயே முனை நடுங்கத் தொடங்கிவிட்டது.

எங்கள் பெயின்ட்பால் அணித் தலைவன் அவள் தம்பி க்ளின்ட். ஜூன் 15 பெரிய ஆட்டம். மே மாதம் முடிவதற்குள் இரண்டு நிமிடம் இறக்காமல் பிடித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் அவள் இடம் வேறு ஆளுக்கு என்று போன வாரமே சொல்லிவிட்டான். அவன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ஒன்பது வருஷம் முன்வரிசையில் ஓடியவள். எங்கள் மகள் அரிசோனாவுக்குப் போன பிறகு நானும் அவளும் சேர்ந்து செய்கிற காரியம் இது ஒன்றுதான். இதுவும் போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் என்ன பேசிக்கொள்வோம்?

எப்படியும் அவளைக் களத்தில் நிறுத்திவிட வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

காய்கறி நிறுக்கும் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தேன். துப்பாக்கியின் எடையைக் குறைக்க வழியில்லை. பின்னால் மாட்டுகிற சிலிண்டரின் எடையைக் குறைக்கலாம்.

இரண்டாம் கையாக வாங்கிய அவளுடைய பழைய சிலிண்டரைக் களத்துக்குக் கொண்டுபோனால், காற்று நிரப்பும் மேசையில் ஜோலீன் அதைத் தள்ளிவைத்துவிட்டாள். முப்பது வயதுப் பெண். பரிசோதனை முத்திரை தெளிவாக இல்லையென்றால் ஷெரீஃப் வந்தாலும் காற்றடிக்க மாட்டாள்.

"வென்டல், தேதிய பாத்தீங்களா? பதினஞ்சு வருஷ ஆயுசு போன மாசமே முடிஞ்சுபோச்சு. இனிமே இது பூச்சாடிதான்."

"கழுத்துல இருக்கற ரெகுலேட்டர் நல்லா இருக்கே?"

"ரெகுலேட்டர் நல்லாத்தான் இருக்கு. நான் என்ன ரெகுலேட்டருக்குள்ளயா காத்தடிக்கறேன்?"

திரும்பி வரும்போது காரில் மார்லா சொன்னாள்: "ஹோஸ் போட்டுக்கறேனே. சிலிண்டர் இடுப்புல இருக்கட்டும். துப்பாக்கி மட்டும் கையில."

அதெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு, குழாய் புதரில் மாட்டும், முன்வரிசையில் ஓடுகிறவள் வால் முளைத்த மாதிரி ஓடினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று விளக்கிச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 23, சனி

பெயின்ட்பால் சாமான் விற்கிற எட்வின் கடைக்குப் போனோம். ஒரு மணி நேரம்.

அலுமினிய சிலிண்டர், மூவாயிரம் அழுத்தம்: நம்பகமானது, ஆனால் மூன்று பவுண்டுக்கு மேல் கனக்கிறது. கார்பன் நார் சுற்றியது, நாலாயிரத்து ஐந்நூறு: கனம் குறைவு, காற்று அதிகம். அதிலேயே பெரியது, சின்னது. பெரியதில் ஆயிரம் குண்டு சுடலாம். சின்னதில் எழுநூறு சொச்சம், எடை இரண்டு பவுண்டுதான். இன்னொன்று கைக்குள் அடங்குகிற குட்டி அலுமினியம். நூற்றைம்பது குண்டிலேயே மூச்சு வாங்கிவிடும்.

சின்ன கார்பன்தான் சரி என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. எட்வின் அவளைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மார்லா, கையில எப்படி இருக்கு?" என்று கேட்டார். லேசாக இருக்கிறது என்று சொன்னேன்.

ஏப்ரல் 6, சனி

சிலிண்டர் வந்துவிட்டது. ஐம்பத்தைந்து வினாடி.

ஆனால் புதிய சிக்கல். இதன் கழுத்தில் உள்ள ரெகுலேட்டர் பழையதைவிட ஓர் அங்குலம் நீளம். சிலிண்டர்தானே தோளில் முட்டும் கட்டை. அது ஓர் அங்குலம் பின்னால் வந்ததும் சரியாகத் தகட்டின் மேல் போய் அழுத்துகிறது. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஒரு நிமிடம் நாலு வினாடி. பிறகு ஐஸ் பை.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

க்ளின்ட் குடும்பத்தோடு வந்தான். பன்றித்தொடை, பியரோகி கொழுக்கட்டை, அவன் மனைவி செய்த கேக். சாப்பாட்டின் நடுவே தாரா பேச்சை எடுத்தான். களத்துக்குப் புதிதாக வருகிறவள்.

"இருபத்தாறு வயசு மச்சான். மான் மாதிரி ஓடுறா."

"வேட்டைக்காரங்க இருக்கற இந்தப் பக்கத்துல மான் மாதிரி ஓடுனா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றாள் மார்லா. எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். ஆனால் போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்காவால முடியலன்னா நீயே சொல்லிடு மச்சான். என் வாயால சொல்ல வெக்காத" என்றான்.

முடியும் என்றேன். யாருடைய தோளை நம்பிச் சொன்னேன்?

மே 18, சனி

ஒரு நிமிடம் முப்பத்தொன்று. அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரமாக ஒரு வினாடி கூடவில்லை. கை தளர்வதல்ல காரணம், அந்த ஒரு அங்குலம்தான். பழைய சிலிண்டரின் குட்டை ரெகுலேட்டரை எடுத்து இதில் மாட்டினால் முடிந்தது வேலை.

எட்வினிடம் கேட்டேன். "விட்டுட்டுப் போங்க, ரெண்டு வாரம் ஆகும். சீசன் ஆரம்பம், எல்லாரும் கொண்டாந்து குமிச்சிருக்காங்க" என்றார். இரண்டு வாரத்தில் ஜூன் வந்துவிடும். க்ளின்டின் கெடு மே.

கண்ணாடி ஆலையில் இருபத்தாறு வருஷமாக அழுத்தக் குழாய்களைக் கழற்றி மாட்டுகிறவன் நான். இதற்கு ஒரு எட்வினா?

மே 19, ஞாயிறு

மார்லா மறுபடியும் ஹோஸ் என்றாள். மறுபடியும் விளக்கினேன். "ஆமா, நீ சொல்லிட்ட" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

மே 25, சனி

செய்துவிட்டேன். காலை முழுக்கக் கீழறையில் போராட்டம்.

எழுதி வைக்கிறேன். ரெகுலேட்டருக்கு இரண்டு பக்கமும் மரை. கீழ்ப்பக்கம் சிலிண்டருக்குள் போவது. அதைக் கடையில் பசை போட்டு இறுக்கிவிடுவார்கள், பிறகு யாரும் தொடுவதில்லை. மேல்பக்கம் துப்பாக்கிக்குள் போவது. அதைத்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் கையால் திருகிக் கழற்றுகிறோம். பழைய சிலிண்டரில் காற்று துளியும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கழற்றப் போனால், பதினைந்து வருஷப் பசை அசையவே இல்லை. பட்டறை மேசையின் வைஸ் இடுக்கியில் கடித்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. பிடிக்க இடம் கிடைத்தது மேல்பக்கத்து மரைதான். துணி சுற்றித்தான் பிடித்தேன். இருந்தும் இரண்டு மூன்று சுற்று நசுங்கிவிட்டது. அரம் போட்டுச் சரிசெய்தேன். துப்பாக்கியில் ஏறியது, கொஞ்சம் இறுக்கம்.

புதிய சிலிண்டரின் நீள ரெகுலேட்டர் எளிதாகவே கழன்றது. குட்டையை அதில் மாட்டும்போது பசை போடவில்லை. போட்டால் ஒரு நாள் காய வேண்டும். நாளை காலை க்ளின்ட் முன்னால் அவள் பிடித்துக் காட்ட வேண்டும். பட்டைச் சாவியால் நன்றாக இறுக்கியிருக்கிறேன். இரண்டொரு நாள் தாங்கும். திங்களன்று கழற்றிப் பசை போட்டுக்கொள்ளலாம்.

மார்லா மாடிப்படியில் நின்று, "எட்வினே செஞ்சுட்டாரா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். பொய் இல்லை. ஆச்சு என்றுதான் சொன்னேன். வைஸ் சத்தம் மேலே கேட்டிருக்காதா என்ன?

மே 26, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு க்ளின்ட் கடிகாரத்தைப் பிடிக்க, மார்லா துப்பாக்கியை ஏந்தினாள். இரண்டு நிமிடம் ஆறு வினாடி. க்ளின்ட் தொப்பியைக் கழற்றி அவளுக்குக் குனிந்து காட்டினான். மகள் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியபோதுகூட நான் இப்படிக் கைதட்டியதில்லை.

முதல் ஆட்டத்துக்கு முன் அவள் நகப்பூச்சை எடுத்து, ரெகுலேட்டரிலிருந்து சிலிண்டர்மேல் இறங்குகிற மாதிரி ஒரு ஊதாக் கோடு இழுத்தாள். எங்கள் களத்தில் எல்லோரும் போடுவதுதான். கோடு இரண்டாக விலகினால், கழற்றக் கூடாத மரை கழல்கிறது என்று அர்த்தம். அவள் கோடு போடும்போது நான் காபி வாங்கப் போய்விட்டேன்.

ஓடினாள். மூன்று பேரைச் சாயக்குண்டால் அடித்து வெளியேற்றினாள். மதியச் சாப்பாட்டுக்கு முன் சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைக்க வேண்டும் என்பது இங்கே விதி. அவளால் திருக முடியவில்லை. "ரொம்ப இறுக்கமா இருக்கு" என்று என்னிடம் நீட்டினாள். சுற்றிலும் இருபது பேர், சாண்ட்விச்சும் கையுமாக. வாங்கி, மடியில் வைத்து, ஒரு மூச்சு கொடுத்தேன். அசைந்தது. பார்த்தாயா என்கிற மாதிரி அவளைப் பார்த்துக்கொண்டே இன்னும் அரைச் சுற்று.

"வென்டல், நிறுத்து."

நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம்.

"கோடு எங்க இருக்கு பாரு."

பார்த்தேன். பாதிக் கோடு மேலே. மீதிப் பாதி சிலிண்டருக்கு அந்தப் பக்கம். நசுங்கிய மரை துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டு நிற்கிறது. பசை போடாத மரை சுகமாகக் கழன்று வருகிறது. ஒன்றேகால் சுற்று போயிருக்கும். அப்போதுதான் சீறல் கேட்டது. மெல்லிய சத்தம்.

உள்ளே மூவாயிரம் இருக்கும். இன்னும் எத்தனை சுற்று மிச்சம்? தெரியல. அது மொத்தமா விட்டா சிலிண்டர் பீரங்கிக் குண்டு. என் வயித்துக்கு நேரா இருக்கு. என் வயித்த விட்டா மார்லா.

ஜோலீன் மேசையைத் தாண்டி ஓடிவந்தாள். "யாரும் பக்கத்துல வராதீங்க. எல்லாரும் வலைக்கு அந்தப் பக்கம் போங்க. வென்டல், திருப்பாதீங்க. திருப்பி மாட்டவும் வேண்டாம். அப்படியே தூக்கிட்டு மண்மேட்டுக்கு நடங்க. மெதுவா."

"நான் பிடிச்சுக்கறேன்" என்றாள் மார்லா.

"போடி அந்தப் பக்கம்" என்று கத்தினேன். இருபத்து மூன்று வருஷத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை.

மண்மேடு அறுபது தப்படி. சிலிண்டரை மண் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டு மண்மூட்டைக்கு நடுவில் துப்பாக்கியைக் கிடத்தி, மூன்றாவது மூட்டைக்குப் பின்னால் படுத்து, கையை மட்டும் நீட்டி விசையை அழுத்தினேன். குண்டில்லாமல் வெறும் காற்று. டப், டப், டப். அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று எட்டிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். சொல்ல வெட்கமில்லை, பயந்தேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு மண்மூட்டைக்குப் பின்னால் முகத்தைப் புதைத்துக்கொண்டு பயந்தேன். அழுத்த அழுத்த விரல் மரத்துப்போனது. பதினோரு நிமிடம் என்று பிறகு சொன்னார்கள்.

முள் பூஜ்யத்தில் நின்றதும் ஜோலீன் வந்து சிலிண்டரைச் சுண்டுவிரலால் சுழற்றிக் கழற்றினாள். கழுத்துக்குள் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"பசையே இல்ல. யாரு மாட்டுனது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எட்வின் கடையில" என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. ஜோலீனுக்கு முகம் சிவந்தது. "அந்த ஆளு பொழப்ப இன்னிக்கே முடிச்சு வெக்கறேன்" என்றாள். மார்லா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கையுறையைக் கழற்றி, விரல் விரலாக மடித்து, பையில் வைத்தாள்.

வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கும்போது சொன்னாள்: "வைஸ் சத்தம் எனக்குக் கேட்டுச்சு வென்டல்."

மே 27, திங்கள்

போர்வீரர் நினைவு நாள் விடுமுறை. தெருவெல்லாம் கொடி. அவள் மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். நான் வரும்போது கதவைச் சாத்திக்கொண்டாள்.

நேற்று என்னிடம் நீட்டாமல் அவளே ஒரு மூச்சு கொடுத்துத் திருகியிருந்தால்? குனிந்து, சிலிண்டரை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு — அவள் எப்போதும் அப்படித்தான் கழற்றுவாள்.

எழுத முடியல.

மே 28, செவ்வாய்

வேலை முடிந்து முதலில் எட்வின் கடைக்குப் போனேன். ஜோலீன் ஏற்கெனவே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். எட்வின் வாடிய முகத்தோடு பழைய ரசீதுகளை எல்லாம் மேசையில் பரப்பி, என்றைக்கு எந்தத் தவறு செய்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார். இரண்டு நாளாகத் தூக்கமில்லையாம். "நான் மாட்டுன ஞாபகமே இல்ல வென்டல். ஆனா நாலஞ்சு பேரோடத ஒரே நாள்ல செஞ்சேன். யாருக்காவது எதாச்சும் ஆயிருந்தா…"

நான்தான் செய்தேன் என்று சொன்னேன். பசை போடாததையும் சொன்னேன். பொய்யையும் சொன்னேன்.

ரசீதுகளை ஒவ்வொன்றாக அடுக்கினார். "கடைய சாத்தணும்" என்றார். மணி ஐந்துதான்.

பிறகு களம். ஜோலீன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து பெரிய நோட்டை எடுத்து என் பெயரை எழுதினாள். "இந்த சீசன் முழுக்க நீங்க காத்து மேசை பக்கம் வரக் கூடாது. சிலிண்டர் தொடக் கூடாது. விளையாடவும் கூடாது. பொய் சொன்னீங்க பாருங்க, அதுக்குத்தான் முழு சீசன். மத்ததுக்கு ஒரு மாசத்தோட விட்டிருப்பேன்."

சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து மார்லாவிடம் இரண்டு இடத்திலும் சொல்லிவிட்டேன் என்றேன். தலையாட்டினாள். பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி எத்தனையோ மாதம்.

"மார்ச்லேர்ந்து என் கைய நிறுத்துப் பாத்த, தோள அளந்து பாத்த, வினாடி எண்ணுன. என்கிட்ட ஒரு தடவ கேட்டியா? நான் வால் முளைச்சு ஓடுனா யாருக்கு வெக்கம்? எனக்கா, உனக்கா?"

எனக்குத்தான். அது அவளுக்கே தெரியும்.

மே 31, வெள்ளி

க்ளின்ட் வந்தான். ஜூன் 15-க்கு என் இடத்தில் தாரா ஆடுகிறாள். மார்லா இடம் அப்படியே இருக்கிறது.

"அக்கா கேட்டா மச்சான், 'அவன் இல்லாட்டி நான் வரமாட்டேன்னு நெனச்சியா'ன்னு. நான் அப்படித்தான் நெனச்சேன்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

அவள் தனியாக எட்வின் கடைக்குப் போய்வந்தாள். அவளே காரோட்டினாள். என்ன வாங்கினாள் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்.

ஜூன் 8, சனி

சுருள் ஹோஸ், இடுப்புப் பட்டை, ஒரு அலுமினிய சிலிண்டர். மூவாயிரம் அழுத்தம், மூன்று பவுண்டுக்கு மேல். நான் முதல் நாளே ஒதுக்கிவைத்த அதே கனமான ரகம். ரெகுலேட்டர் கடையிலேயே பசையோடு மாட்டியது. எட்வின் தேதி போட்டுக் கையெழுத்து வைத்த சீட்டு ஒட்டியிருக்கிறது. யாருக்காக ஒட்டினார் என்று தெரியும்.

இடுப்பில் இருந்தால் கனம் ஒரு பொருட்டே இல்லை. துப்பாக்கியின் பின்னால் ஒன்றும் இல்லாததால் தகட்டின் மேல் எதுவும் முட்டுவதில்லை. சமையலறையில் நின்று பிடித்தாள். கடிகாரம் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றாள். பார்க்கவில்லை. ரொட்டி வாட்டியில் போட்ட இரண்டு துண்டும் கருகும்வரை பிடித்திருந்தாள்.

ஜூன் 15, சனி

முந்நூறு பேருக்கு மேல். மழை பெய்து ஓய்ந்த சேறு. நான் வலைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், மடியில் ஐஸ் பெட்டி. ஒன்பது வருஷத்தில் அவள் ஓடுவதை வெளியே உட்கார்ந்து பார்த்தது இதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு இது தெரிந்ததே இல்லை: அவள் ஓடுவதற்கு முன்னால் இடது காலைத் தரையில் ஒருமுறை தேய்த்துக்கொள்கிறாள்.

ஹோஸைப் பார்த்து எதிரணியில் யாரோ ஒருவன், "அம்மா, காஸ் அடுப்பு அணைச்சுட்டு வந்தீங்களா?" என்று கத்தினான். அவனைத்தான் முதலில் வெளியேற்றினாள். பிறகு இன்னும் நாலு பேர். தாராவும் அவளும் ஒரே மரத்துண்டுக்குப் பின்னால் படுத்துச் சிரிப்பது இங்கேயே கேட்டது.

மதிய இடைவேளை. வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சேறு. மூன்று வாரமாக அவள் சாமானில் ஒரு திருகைக்கூட என்னைத் தொட விட்டதில்லை. துப்பாக்கியில் மிச்சக் காற்றைச் சுட்டுத் தீர்த்தாள். இடுப்பிலிருந்து சிலிண்டரை உருவி மடியில் வைத்தாள். ஹோஸ் முனையை என் பக்கம் நீட்டினாள்.

"இத பிடி. திருப்பாத. பிடிச்சா போதும்."

ஜோலீன் தன் மேசையிலிருந்து பார்த்தாள். வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிடித்தேன். மார்லா தலையைக் குனிந்து சிலிண்டரின் கழுத்தைச் சுற்றிலும் பார்த்தாள். வலது கையை சிலிண்டர்மேல் வைத்து ஒருமுறை முயன்றாள். வரவில்லை. கையை உதறிக்கொண்டு மறுபடி. தோள் நடுங்கியது எனக்கு ஹோஸ் வழியாகத் தெரிந்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவை அசைந்து கொடுத்தது. நாலைந்து சுற்று, அவள் கையாலேயே கழற்றிப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"சாண்ட்விச்ல கடுகு போட்டியா?" என்று கேட்டாள்.

"உனக்கு வேணுமான்னு கேட்டுட்டுப் போடலாம்னு இருந்தேன்."

"போடு" என்றாள்.